2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்து ஏழு) என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடைப்பட்ட இயற்கை எண் ஆகும். இதனை 2³¹ − 1 எனவும் எழுதலாம். இது எட்டாவது மெர்சென் பகா எண். மரேன் மெர்சென் 1644 இல் வெளியிட்ட பட்டியலில் 31 ஆவது அடுக்கு இடம்பெற்றிருந்தது. ஆயினும் அப்பட்டியலில் பிழைகள் இருந்ததால் அதை மட்டும் நம்ப இயலாது.

ஆய்லரின் நிறுவல்

இவ்வெண் பகா எண் என்பதை லியோனார்டு ஆய்லர் நிறுவினார். பெர்னூலிக்கு அவர் எழுதி 1772 இல் வெளியான கடிதத்தில் இது காணப்படுகிறது. இவ்வெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 46341. அதற்குக் குறைவான பகா எண்கள் ஏறத்தாழ 4800. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்ப்பது பெரும்பாடு. ஆய்லர் இவ்வேலையைப் பின்வருமாறு குறைத்தார்.

ப என்பது இவ்வெண்ணின் ஒரு பகாக் காரணி எனக் கொள்வோம். 31 ஒரு பகா எண் ஆதலால், 2 இன் அடுக்குகளை ப ஆல் வகுக்கையில் 31 ஆவது அடுக்கில்தான் முதன்முதலாக மீதி 1 கிடைக்கும். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி (ப − 1) ஆவது அடுக்கிலும் மீதி 1. எனவே ப − 1 என்பது 31 இன் மடங்கு. அது இரட்டை எண்ணும் ஆதலால் 62 இன் மடங்கு. மேலும், 2¹⁶ இன் வர்க்கத்தை ப ஆல் வகுத்தால் மீதி 2 வரும். அத்தகைய பகா எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தால், ப ஐ 248 ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதி 1 அல்லது 63 ஆதல் வேண்டும்.

இந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்கள் 46341 இற்குள் நூற்றுக்கும் குறைவே. முதலாவது 311, அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. இவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

தொடர்புடைய எண்கள்

இவ்வெண்ணை 2³⁰ ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 கிடைக்கும். இத்தகைய எண்களால் பயன் ஏதும் இல்லாமையால் இதனினும் பெரிய நிறைவெண்ணை எவரும் தேடமாட்டார் என்று பீட்டர் பார்லோ 1811 இல் எழுதினார். 1876 இல் எடுவார்டு லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் எனக் காட்டியதும் அக்கணிப்பு பொய்த்தது.

31 தானும் ஒரு மெர்சென் பகா எண் ஆதலால் 2147483647 ஓர் இரட்டை மெர்சென் பகா எண் ஆகும். ஆனால் இத்தொடர் அடுத்த படியில் அறுகிறது: 2 இன் 2147483647 ஆவது அடுக்கில் 1 ஐக் கழித்தால் வரும் எண் 295257526626031 ஆல் வகுபடும்.

கணினியியலில்

நிரல் எழுதுவோர் பலர் இவ்வெண்ணை முதலில் சந்திப்பது கணிதத்தில் அன்று, பிழைச் செய்தியில்தான். குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு இதுவே. இதனுடன் 1 ஐக் கூட்டினால் பல கணினிகளில் விடை −2147483648 ஆகிவிடும். 1970 சனவரி 1 முதல் நொடிகளை இவ்வாறு எண்ணும் கடிகாரங்கள் 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07 மணிக்கு இவ்வெல்லையை எட்டும்; அடுத்த நொடியில் அவை 1901 ஆம் ஆண்டைக் காட்டக்கூடும். 64 பிட் எண்ணிக்கு மாற்றுவதே இதற்குத் தீர்வு.

உச்ச மதிப்பு பகா எண்ணாக அமைந்தது தற்செயலே. 16 பிட்டின் உச்ச மதிப்பான 32767, 64 பிட்டின் உச்ச மதிப்பான 2⁶³ − 1 ஆகிய இரண்டும் 7 ஆல் வகுபடும்.