லூசி வில்ஸும் பம்பாய்த் தாய்மாரும்

குழந்தை மாதம் நிறையாமல் பிறந்துவிட்டால், தாய் படியேறியதையும் பப்பாளி தின்றதையும் சொல்லிப் பழிப்பது நம் வழக்கம். அவள் தின்னாமல் போனவற்றைக் கணக்கெடுத்தவர் குறைவு. அப்படிக் கணக்கெடுத்த ஒருவர், 1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ்.

பஞ்சாலைகளில் உழைத்த பெண்கள் கர்ப்பகாலத்தில் சோகையால் வெளிறி, மூச்சுவாங்கி, பிரசவத்தையொட்டி மாண்டுகொண்டிருந்தனர். (கடுஞ்சோகை குறைப்பிரசவத்தோடு சேர்ந்தே வருவதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன.) வில்ஸ் முதலில் கிருமியைத்தான் தேடினார், அகப்படவில்லை. பிறகே அப்பெண்களின் உணவை விசாரித்தார். காய், கனி, பால் ஏதும் போதிய அளவில் இல்லை. மருத்துவம் ஆய்வுக்கூடத்திலிருந்து அடுக்களைக்குத் திரும்பிய அந்தக் கணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குன்னூரில் மக்காரிசனின் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அதே ஏழை உணவைக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் குரங்குகள். இறுதியில் ஈஸ்ட் சாறான மார்மைட் சோகையைத் தீர்த்தது. ரொட்டியில் தடவும் அந்த மலிவான கரிய பசையே பெண்களையும் எழுந்து உட்கார வைத்தது. 1931இல் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டு சென்னை கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார்.

பசையில் இருந்த பொருள் எதுவென்று அப்போது அவருக்கே தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றழைத்தனர். 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸின் காரணி அதுதான் என்பது பிற்பாடு தெளிந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பதும் அதுவே.