கருங்காலியும் வெள்ளாடும்

நம் நாட்டு வரலாற்றைக் கற்ற எவரும் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரின் பெயரை அறிவர். 1660 ஆம் ஆண்டிலே கொட்டியாரத்திற் சிறைப்பட்டு, கண்டி நாட்டிலே பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்து, 1679 ஆம் ஆண்டில் வன்னிக் காடுகளினூடே தப்பி வந்து, மன்னாரை அடுத்த அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் புகலடைந்தவர் அவர். பல்லாண்டுகளாக வகுப்பறையில் நான் நொக்ஸின் கதையை அக்கோட்டை வாயிலோடு முடித்துக்கொள்வது வழக்கம். அண்மையில் ஒரு மாணவி எழுந்து, "அதன் பிறகு அவர் என்ன ஆனார், ஐயா?" என்று வினவினாள். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த நான், மனிதர் ஒருவரின் கதையைத் தேடிச் சென்று மரம் ஒன்றின் கதையைக் கண்டு மீண்டேன். அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இங்கிலாந்து திரும்பிய நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டபின், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்றலைவராகக் கடலோடினார். அத்தகைய பயணமொன்றில், சென்ற் ஹெலினா என்னும் தீவிலே அவர் கரையில் நின்ற வேளை, அவருடைய மாலுமிகள் கப்பலைக் கவர்ந்துகொண்டு ஓடிவிட்டனர். ஒரு தீவிற் சிறையிருந்து மீண்டவர் மற்றொரு தீவிற் கைவிடப்பட்டார்.

சென்ற் ஹெலினா என்றதும் நமக்கு நெப்போலியனே நினைவுக்கு வருவான். 1815 முதல் 1821 இல் இறக்கும்வரை அவன் காவலில் வைக்கப்பட்டிருந்த தீவு அது. தென் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, ஆபிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,200 மைல் தொலைவிலே, எரிமலைக் குழம்பால் உருவாகி எழுந்து நிற்கும் மலைத்தீவு. அதன் பரப்பு 47 சதுர மைல் மாத்திரமே. 1869 இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்படும்வரை, கீழ்த்திசையிலிருந்து ஐரோப்பா நோக்கிச் சென்ற கப்பல்கள் பல நன்னீருக்கும் உணவுக்கும் அங்கே தங்கிச் சென்றன.

1502 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அத்தீவைக் கண்டபோது அங்கே மனிதர் எவரும் வாழவில்லை. மேய்ந்து திரியும் விலங்கு ஒன்றேனும் இல்லை. ஆனால் மரங்கள் நிறைந்திருந்தன. அவையும் உலகில் வேறெங்கும் காணப்படாத மரங்கள். காற்றும் கடலும் பறவையும் கொணர்ந்த ஒரு சில வித்துக்கள், இலட்சக்கணக்கான ஆண்டுகளில் அத்தீவுக்கே உரிய தனி இனங்களாக மாறிவிட்டிருந்தன. தோட்டத்தில் நாம் வளர்க்கும் சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அங்கே பெருமரமாகிக் காடாய் நின்றது. அதனைப் பின்வந்தோர் பிசின்மரம் என்றனர். நம் இலந்தையின் குடும்பத்தைச் சேர்ந்த மரமொன்று ஒலிவ மரம் என்று பெயர் பெற்றது. பூவரசும் செம்பருத்தியும் அடங்கும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம், தன் வைரத்தின் கருமை காரணமாகக் கருங்காலி எனப்பட்டது. வன்னிக் காடுகளில் வளரும் நம் கருங்காலிக்கும் அதற்கும் பெயரன்றி வேறு உறவில்லை. வெண்ணிறமாய் மலர்ந்து இளஞ்சிவப்பாக மாறும் பெரிய பூக்களை உடையது அது. இன்றைய என் பேச்சு முக்கியமாக அம்மரத்தைப் பற்றியதே.

போர்த்துக்கேயர் அத்தீவிற் குடியேறவில்லை. மீண்டும் வரும்போது தமக்கு இறைச்சி வேண்டும் எனக் கருதி வெள்ளாடுகளை விட்டுச் சென்றனர். அக்கால மாலுமிகளுக்கு அது நியாயமான செயலே. பல மாதங்கள் உப்பிட்ட உணவை உண்டு வாடியவர்களின் உயிரை அந்த ஆடுகள் காத்திருக்கும். ஆனால் 1588 ஆம் ஆண்டில் கவென்டிஷ் என்னும் ஆங்கில மாலுமி அங்கு இறங்கியபோது, ஆடுகள் ஆயிரக்கணக்காகப் பெருகி மலைச்சரிவுகளில் மந்தை மந்தையாகத் திரிந்தன.

ஆடு ஒரு காட்டை எவ்வாறு அழிக்கின்றது என்பதை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். வளர்ந்த மரத்தை ஆடு வீழ்த்துவதில்லை. அது முளையைத் தின்கின்றது. கன்றின் பட்டையை உரிக்கின்றது. மேயும் விலங்கையே கண்டிராத தீவின் மரங்களுக்கு, நம் நாட்டுச் செடிகளுக்குள்ள முள் முதலிய தற்காப்புக்கள் இல்லை. ஆகவே முளைத்தவை யாவும் ஆட்டின் வாய்க்கு இரையாயின. முதிய மரங்களோ தம் ஆயுள் முடியுமட்டும் நிழல் பரப்பி நின்றன. பார்ப்பவர்க்குக் காடு காடாகவே தோன்றிற்று. உண்மையிலே அது வாரிசு இல்லாத முதியோர் கூட்டமாக இருந்தது. பின்னர் அம்முதிய மரங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வீழத் தொடங்கியபோது, இடத்தை நிரப்ப இளமரங்கள் இருக்கவில்லை. வேர் பிடித்திராத மண்ணை மழை கடலுக்கு வாரிச் சென்றது.

1659 இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தீவைக் கைக்கொண்டு குடிகளை அமர்த்தியபின், ஆட்டின் பணிக்கு மனிதர் கையும் துணையாயிற்று. தோல் பதனிடுவோர் மரங்களின் அடிப்பட்டையை மாத்திரம் உரித்துக்கொண்டு மரத்தை நின்றபடியே சாகவிட்டனர். சாராயம் வடிக்க விறகு வேண்டியிருந்தது. கோட்டை கட்டச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. சுண்ணாம்பைச் சுடக் கருங்காலியே எரிக்கப்பட்டது.

இதனைக் கண்டு எவரும் எச்சரிக்கவில்லை என்று எண்ணிவிடுதல் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தீவின் ஆளுநர்கள் மரமின்மையால் நேரப்போகும் கேட்டைக் குறித்து எழுதினர். 1723 ஆம் ஆண்டில் பெருங்காடு என வழங்கிய பிசின்மரக் காட்டைச் சுற்றி மதில் எழுப்பவும் முற்பட்டனர். 1745 ஆம் ஆண்டில், அப்போது ஆளுநராயிருந்த டன்பார், இளங்கருங்காலி மரங்களின் பட்டையை ஆடுகள் உரித்து அழித்துவருவதைக் கண்டு, மரங்களைக் காக்கும்பொருட்டு அப்பகுதியின் ஆடுகளைக் கொல்லப் பணித்து, அதனை இலண்டனிலிருந்த இயக்குநர்களுக்கு அறிவித்தார். இலண்டன் அனுப்பிய மறுமொழி மிகவும் சுருக்கமானது: கருங்காலியிலும் ஆடே பெறுமதி மிக்கது, ஆகவே ஆடுகளை அழித்தல் ஆகாது.

நேயர்களே, வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் இம்மறுமொழியைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அதனை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் கூறமாட்டேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவர்கள் எழுதினர். ஓர் ஆட்டுக்குச் சந்தையில் விலை உண்டு. அதனைக் கப்பலுக்கு விற்கலாம். சரிவில் நிற்கும் மரம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றது, மஞ்சினின்று நீரை வடித்துத் தருகின்றது என்பதற்கு அப்புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கவில்லை. இடத்திலே நின்று கண்ணாற் கண்டவன் கூறியதை, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து கணக்கை மாத்திரம் கண்டவர்கள் தள்ளிவிட்டனர். குடியேற்ற நாடுகளின் வரலாற்றில் இத்தகைய கடிதங்கள் பல உண்டு.

விளைவு யாது? 1836 இல் அத்தீவுக்குச் சென்ற சாள்ஸ் டார்வின், பெருங்காடு நின்ற இடத்தில் ஒரு மரத்தைக் காண்பதே அரிதாயிற்று என்று எழுதினார். நெப்போலியன் வாழ்ந்த லோங்வூட் என்னும் இடத்தின் பெயருக்கு நெடுங்காடு என்பது பொருள். அதனை அடுத்த சமவெளியின் பெயர் டெட்வூட், அதாவது பட்டமரக் காடு. 1900 ஆம் ஆண்டில், தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர் கைதிகளில் ஒரு பகுதியினர் நம் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர் அல்லவா? மற்றொரு பகுதியினர் அந்த டெட்வூட் சமவெளியிலேதான் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். மரத்தின் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்தது, மரம் நிலைக்கவில்லை.

கருங்காலியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. வறண்ட சரிவுகளிற் கிடந்த அதன் கரிய பட்ட கட்டைகளைப் பொறுக்கித் தீவினர் சிறு அணிப்பொருள்கள் செய்து விற்றனர். அறிஞர்கள் அதனை அழிந்த இனமாகவே எழுதினர். எஞ்சியிருந்த மலைமுகட்டுக் காட்டையும் இருபதாம் நூற்றாண்டில் நியூசிலாந்து நார்ச்செடித் தோட்டங்கள் குறுக்கின. பிரித்தானியத் தபாற்பகுதி பொதிகளைக் கட்டும் கயிற்றுக்கு அந்நாரை வாங்கியது. செயற்கைக் கயிறு வந்ததும், 1966 ஆம் ஆண்டளவில் அத்தொழில் ஒழிந்தது. தொழில் போயிற்று, வெட்டிய காடு திரும்பவில்லை.

இந்நிலையில் அத்தீவைச் சேர்ந்த ஜோர்ஜ் பெஞ்சமின் என்பவரைப் பற்றிக் கூறவேண்டும். காட்டுப் பகுதியிற் பணியாற்றிய அவர், தீவின் ஒவ்வொரு பாறையையும் கால்நடையாக அறிந்தவர். 1977 இல், அழிந்துவிட்டதெனக் கருதப்பட்ட ஒலிவ மரம் ஒன்றை மலைமுகட்டின் சரிவிற் கண்டார். 1980 நவம்பரில், குவென்டின் குரொங்க் என்னும் தாவரவியலாளரோடு தீவின் தென்பகுதிக்குச் சென்றபோது, கடலை நோக்கிய செங்குத்தான பாறையில் இரண்டு சிறு செடிகள் பூத்து நிற்பதைக் கண்டனர். அவையே கருங்காலி. ஆட்டின் கால் எட்டாத இடத்திலே அவை ஒதுங்கி உயிர் தாங்கியிருந்தன. கயிற்றின் துணைகொண்டு பாறையில் இறங்கிக் கிளைகள் கொய்யப்பட்டன. அக்கிளைகளிலிருந்து நாற்றுக்கள் உண்டாக்கப்பட்டு, இன்று ஆயிரக்கணக்கான கருங்காலிச் செடிகள் அத்தீவில் வளர்கின்றன. இலண்டனிலிருந்து அக்கடிதம் எழுதப்பட்டு இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே இது நிகழ்ந்தது.

ஒலிவ மரத்துக்கு அப்பேறு வாய்க்கவில்லை. தன் மகரந்தத்தால் தானே கருவுறும் இயல்பு அம்மரத்துக்கு அரிது. துணைமரமோ உலகில் எங்கும் இல்லை. அரிதாகக் கிடைத்த வித்துக்களாலும் வெட்டிய கிளைகளாலும் சில கன்றுகளே உண்டாயின. அவை பூஞ்சண நோய்க்கு இலக்காயின. பாறையில் நின்ற தாய்மரம் 1994 இற் பட்டது. 2003 ஆம் ஆண்டின் இறுதியில், தோட்டத்தில் வளர்த்த கடைசிக் கன்றும் மாண்டது. அத்துடன் அவ்வினமே உலகினின்று நீங்கிற்று. ஒரே மனிதர் கண்டெடுத்த இரு மரங்களில் ஒன்று பிழைத்தது, ஒன்று மறைந்தது. முயற்சியிற் குறைவில்லை, ஒன்றின் வகையில் முயற்சி தொடங்கக் காலம் கடந்துவிட்டது.

பிசின்மரத்தின் கதையிலும் ஒரு படிப்பினை உண்டு. 1990 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வேற்று நாட்டிலிருந்து வந்து சேர்ந்த சாறு உறிஞ்சும் பூச்சியொன்று எஞ்சிய பிசின்மரங்களைப் பற்றி, நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கொன்றது. 1993 இல் அப்பூச்சியைத் தின்னும் சிறு பொறிவண்டு ஒன்றைக் கெனியாவிலிருந்து தருவித்து விட்டனர். இரண்டொரு ஆண்டுகளிற் பூச்சி அடங்கிற்று; மரங்கள் பிழைத்தன. 2000 ஆம் ஆண்டில் தீவு மக்கள், பெருங்காடு இருந்த வெற்று நிலத்தின் ஒரு பகுதியிலே தம் கையாற் பிசின்மரக் கன்றுகளை நட்டுப் புதிய காடொன்றைத் தொடங்கினர். ஒரு விலங்கைக் கொணர்ந்து விட்டதாற் காடு அழிந்தது. ஒரு வண்டைக் கொணர்ந்து விட்டதாற் காடு பிழைத்தது. முன்னையது ஆராயாது செய்தது. பின்னையது, அவ்வண்டு வேறெதனைத் தின்னும் என்று ஆராய்ந்தபின் செய்தது.

மாணவியின் வினாவுக்குப் பின்னொரு நாள் நான் விடை கூறினேன். நொக்ஸ் கைவிடப்பட்ட கரையையும், அவர் கண்முன் நின்றிருக்கக்கூடிய மரங்களையும், அவற்றுக்குப் பின்னர் நேர்ந்ததையும் எடுத்துரைத்தேன். கேட்டிருந்த அவள், "அந்தக் கடிதத்துக்கு ஆளுநர் என்ன பதில் எழுதினார்?" என்று மீண்டும் ஒரு வினாவை எழுப்பினாள். வகுப்பில் எவரும் பேசவில்லை. அத்தகைய கடிதம் உங்கள் கைக்கு வருமானால் நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்று நான் கேட்டேன். மறுநாள் முப்பத்திரண்டு பிள்ளைகள் முப்பத்திரண்டு கடிதங்களைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தனர். அவற்றுள் ஒன்றேனும் ஆட்டைப் பெரிதென்று கூறவில்லை. ஆனால் ஆட்டை வளர்த்தவனின் பசிக்கு என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்த கடிதங்கள் நான்கு இருந்தன. அந்த நான்கையும் நான் வகுப்பில் உரக்க வாசிக்கச் செய்தேன்.