பிராமியா, பிரமியா?

கடையில் வாங்கிய தூள் பொட்டலத்தில் ‘பிராமி’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே இருந்த படமோ வல்லாரையின் வட்ட இலை. இரண்டும் ஈரமண்ணில் தரையோடு படர்பவைதான், ஆனால் செடி வேறு. வல்லாரைக்கு வடமொழியில் மண்டூகபர்ணி, அதாவது தவளை இலை என்று தனிப்பெயரே உண்டு. பிரமியோ குளக்கரைச் சேற்றில் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஊர்வது. விரல்நகத்தளவு சதைப்பற்றான இலை, வெள்ளையில் லேசாக ஊதா ஓடிய ஐந்திதழ்ப் பூ. கேரளத்தில் பிரமி என்றால் இதுதான். வடக்கே பல இடங்களில் வல்லாரையையே பிராமி என்பார்கள்; பொட்டலத்தோடு அந்தக் குழப்பமும் இங்கே வந்து இறங்குகிறது. சொல் பிரமனிலிருந்து பிறந்தது. பிரமனின் சக்தியான பிராமி ஏழு கன்னியரில் ஒருத்தி. அசோகர் கல்வெட்டுகளின் எழுத்துக்கும் இன்று அதே பெயர். அறிவையும் நினைவையும் வளர்க்கும் என்று நம்பிய செடிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. தமிழ் வைத்தியத்தில் நெடில் குறுகி நீர்ப்பிரமி, பிரமிவழுக்கை என்றானது. அந்த ‘வழுக்கை’ எனக்கு மிகவும் பிடிக்கும். இன்று வழுக்கை என்றதும் முடி கொட்டிய தலைதான் நினைவுக்கு வரும். ஆனால் இளநீருக்குள் இருக்கும் இளசான பருப்பும் வழுக்கைதானே? இந்த இலையின் மென்சதையைத் தொட்டவருக்கு அந்தப் பொருள்தான் முதலில் தோன்றும். இருந்தாலும் பொட்டலத்தில் அச்சிட நான் நீர்ப்பிரமியையே கேட்பேன்: செடியை எங்கே தேடுவது என்பதை முதல் எழுத்துகளே சொல்லிவிடுகின்றன.