கல் நடாத கடல்

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையினுள் டச்சுக்காரர்களின் இடுகாடு ஒன்று இருக்கிறது. மண்ணில் கிடையாகப் பதிக்கப்பட்ட பெரும் பலகைக் கற்கள். அவற்றின்மேல் குலச்சின்னங்கள், பெயர்கள், இறந்த நாட்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள இவ்வூருக்கு வருவோர் பெரும்பாலும் கற்களின் செதுக்கு வேலையை வியந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நமக்கு அங்கே வேறொரு கேள்வி எழுந்தது. இக்கற்களின் கீழ் இருப்போர் கரையில் இறந்தவர்கள், அல்லது கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். இதே கடல்வழியே புறப்பட்டு, நிலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உயிர்விட்டவர்களை, உடனிருந்த கணவனும் மனைவியும் தாயும் தோழனும் என்ன செய்தார்கள்?

ஊரின் அமைப்பே இக்கேள்விக்குள் நம்மை இழுக்கிறது. சதுரங்கப்பட்டினத்தில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியைப் போல இங்கும் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் துணிப் பொதிகளையும் ஏற்றி இறக்கின. நங்கூரமிட்ட கப்பலில் ஒருவர் இறந்தால் அதே படகில் அவரையும் கரைசேர்க்க முடியும், கல்லும் கிடைக்கும். இரண்டு நாள் பயணத் தொலைவில் இறந்தவருக்கு அது வாய்க்காது. அவருக்குக் கல்லா கடலா என்பதைப் பதவியோ செல்வமோ முடிவு செய்யவில்லை. கரை எவ்வளவு தொலைவு, வெயில் எவ்வளவு கடுமை என்பவையே முடிவு செய்தன.

1782ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இதற்கு நல்ல சான்று. பிரெஞ்சுக் கடற்படையின் தலைவர் தோர்வ் அம்மாதம் 9ஆம் நாள் நோயுற்றுக் கடலிலேயே இறந்தார். பொறுப்பு சுஃப்ரனுக்கு வந்தது. எட்டே நாளில், 17ஆம் தேதி, சதுரங்கப்பட்டினத்துக்கு நேரே கடலில் சுஃப்ரனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினர். ஆங்கிலேயர் தரப்பில் 'சூபர்ப்' கப்பலின் தலைவர் ஸ்டீவன்ஸும் 'எக்சிடர்' கப்பலின் தலைவர் ரெனால்ட்ஸும் மடிந்தார்கள். வரலாற்று நூல்கள் இதைச் 'சத்ராஸ் போர்' என்கின்றன. ஊரின் பெயர் போருக்குக் கிடைத்தது. போரில் இறந்தவர்களுக்கு ஊரில் ஓர் அடி மண் கிடைக்கவில்லை.

போர்ச்சாவு ஒருபுறம் இருக்கட்டும். நோய்ச்சாவே கப்பல்களின் அன்றாடம். 1602 முதல் 1795 வரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். திரும்பாதவர் எல்லோரும் கடலில் இறந்தவரல்லர். ஆசிய மண்ணில் மாண்டவரும் தங்கிவிட்டவரும் அவர்களில் உண்டு. ஆயினும் கப்பலிலேயே இறந்தவர்கள் ஏராளம். ஆகவே கம்பெனி அதற்கொரு நடைமுறையை வகுத்திருந்தது. பாய்த்துணியில் உடலைச் சுற்றித் தைத்து, கனம் கட்டி, வேதவசனம் வாசித்துக் கடலில் இறக்குவார்கள். பிறகு இறந்தவரின் பெட்டி திறக்கப்படும். சட்டை, காலணி, புகையிலை என ஒவ்வொன்றும் பட்டியலிடப்பட்டுப் பாய்மரத்தடியில் சக மாலுமிகளிடையே ஏலம் விடப்படும். ஏலத்தொகை அவர் கணக்கில் வரவாகும். சம்பளம் இறந்த நாளோடு நிற்கும். மிச்சம் வாரிசுகளுக்கு. இந்தச் சம்பளப் பேரேடுகளில் பெரும்பகுதி இன்றும் ஹேக் நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றது.

இந்த ஏலத்தை வணிகக் கம்பெனியின் கல்நெஞ்சம் என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. இறந்தவனின் சட்டையை அணிந்துகொண்டு மறுநாள் அவன் நண்பன் பாய்மரம் ஏறியிருப்பான். ஊரிலிருந்த மனைவிக்கோ, தன் கணவன் எந்த நாளில் இறந்தான் என்பதற்கான சான்று அந்தக் கணக்கின் கடைசி வரியே.

குடும்பத்தோடு கப்பலேறியவர்களின் கதை வேறு. அங்கே ஏட்டுக்கணக்கை மீறிய துயரம் பதிவாகியிருக்கிறது. 1812 பிப்ரவரி 19ஆம் நாள் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து 'காரவன்' என்ற கப்பலில் இரு இளம் தம்பதியர் புறப்பட்டனர்: அதோனிராம் ஜட்சன், அவர் மனைவி ஆன், சாமுவேல் நியூவெல், அவர் மனைவி ஹாரியட். (நம்மூர்ச் சேலத்துக்கும் அந்தச் சேலத்துக்கும் பெயரைத் தவிர உறவில்லை.) மதப்பணிக்காகக் கல்கத்தா வந்த அவர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. ஹாரியட் கருவுற்ற நிலையில் கணவனோடு மொரிஷியஸுக்குப் புறப்பட்டாள். கப்பல் ஒழுகத் தொடங்கவே சோழமண்டலக் கரைக்கு வடக்கே, கோதாவரி முகத்துக் கொரிங்காவில் ஒதுங்கிச் செப்பனிட நேர்ந்தது. மீண்டும் புறப்பட்ட பின், அக்டோபரில், நடுக்கடலில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. மருத்துவர் இல்லை, மருத்துவச்சியும் இல்லை, உடனிருந்தவன் கணவன் மட்டுமே. காற்றும் மழையுமாக வந்த புயலில் நனைந்து குளிர்ந்த குழந்தை, பிறந்த ஐந்தாம் நாள் இறந்தது. கடலில் இட்டார்கள். ஹாரியட் நவம்பர் 30 அன்று போர்ட் லூயியில் காசநோயால் இறந்தாள், வயது 19. அவளுக்கு அந்நகரில் கல்லறை உண்டு. மகளுக்கு இல்லை.

தோழி இறந்த செய்தியை மொரிஷியஸ் வந்து சேர்ந்தபோதுதான் ஆன் அறிந்தாள். அவளும் அப்போது கருவுற்றவளானாள். 1813 ஜூனில் தம்பதியர் சென்னைக்கு வந்தனர். இங்கும் கம்பெனியால் பிடித்து அனுப்பப்படும் அச்சம். துறையில் ரங்கூனுக்குப் புறப்பட ஆயத்தமாக நின்ற ஒரே கப்பல் 'ஜார்ஜியானா' என்ற பழங்கலம். ஆனுக்குத் துணையாக ஓர் ஐரோப்பியப் பெண்ணை அமர்த்தினார்கள். ஜூன் 22இல் கப்பல் ஏறினார்கள். நங்கூரம் எடுத்ததுமே அந்தத் துணைப்பெண் தளத்தில் விழுந்து இறந்துபோனாள். சில நாட்களில் ஆனுக்குக் குழந்தை பிறந்தது, உயிரில்லாமல். பெயரிடப்படாத அந்த முதல் மகவை வங்காள விரிகுடா ஏற்றது. ஆன் பிழைப்பதே ஐயமாக இருந்தது. அந்தமான் தீவுகளுக்கிடையேயான நீரிணைக்குள் காற்று கப்பலைத் தள்ள, அங்கே அலை அடங்கியதால் அவள் உயிர் தங்கிற்று. ஜூலை 13இல் ரங்கூனை அடைந்தபோது நடக்க இயலாத அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள்.

ஜட்சனின் வாழ்க்கையில் இக்கணக்கு அத்தோடு முடியவில்லை. ஆன் 1826இல் மறைந்தாள். இரண்டாம் மனைவி சாராள் 1845 செப்டம்பர் 1 அன்று கப்பலில் இறந்தபோது, கப்பல் செயின்ட் ஹெலினா துறையில் நின்றிருந்தது. ஆகவே அவளுக்குத் தீவில் மண் கிடைத்தது. அன்றே கணவனும் பிள்ளைகளும் மீண்டும் கப்பலேறினார்கள். அவள் இன்னும் சில நாட்கள் முன்போ பின்போ இறந்திருந்தால் அதுவும் இல்லை.

1850 ஏப்ரல் 3இல் நோயுற்ற ஜட்சன் கடற்காற்றை மருந்தாக நம்பி மௌல்மேனிலிருந்து பிரெஞ்சுக் கப்பலொன்றில் ஏற்றப்பட்டார். மூன்றாம் மனைவி எமிலி நிறைமாதம். உடன் செல்ல முடியவில்லை. 12ஆம் நாள் பிற்பகல் அவர் இறந்தார். தச்சர் பலகைப்பெட்டி செய்தார். அது மிதக்காதிருக்க வாளி வாளியாக மணல் கொட்டினார்கள். அன்றிரவு எட்டு மணிக்குக் கப்பலின் இடப்பக்கத் திறப்பு வழியே பெட்டி இறங்கியது. வாழ்நாள் முழுதும் பிரசங்கம் செய்தவரின் அடக்கத்தில் ஜெபம் சொல்லப்படவில்லை. இடம்: வடக்கே 13 பாகை, கிழக்கே 93 பாகை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், சென்னையிலிருந்து நேர்கிழக்கே கோடு இழுத்தால் அவ்விடம் வரும். பத்து நாட்களுக்குப் பின் எமிலி ஈன்ற குழந்தையும் இறந்தே பிறந்தது. கணவர் இறந்த செய்தி அவளுக்கு எட்டியது ஆகஸ்டு மாதத்தில். நான்கு மாதங்கள், உயிரோடு இருப்பதாக எண்ணிய ஒருவருக்காக அவள் காத்திருந்தாள்.

கடற்சாவின் உண்மையான கனம் இங்கேதான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கப்பலில் இருந்தவர்களுக்கு அது சில மணிநேர வேலை: துணி, பலகை, மணல். கொடிய வேலைதான், ஆனால் முடிந்துவிடுகிற வேலை. கரையில் இருப்பவர்களுக்கு அது தொடங்கும் நாளும் தெரியாது, முடியும் நாளும் தெரியாது.

இதை நன்கு உணர்ந்து விதி செய்தவர்கள் கடலோடி வாழ்ந்த முஸ்லிம்கள். நம் கிழக்குக் கரையின் மரைக்காயர்கள் ஷாஃபி வழியினர். அவ்வழியின் சட்டநூல்கள் கப்பலில் நேரும் மரணத்தைத் தனியே எடுத்துப் பேசுகின்றன. கரை அருகில் இருந்து, உடல் கெடாதென்றால் காத்திருக்க வேண்டும். இயலாதெனில் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுதபின் கடலில் விடலாம். விடும் முறையில்தான் நுட்பம். ஹன்பலி வழியினர் உடல் அடியில் அமரும்படி கனம் கட்டச் சொல்கிறார்கள். இமாம் ஷாஃபியோ இரு பலகைகளுக்கிடையே உடலைக் கட்டி விடுவதை விரும்பினார்: அலை அதை ஏதேனுமொரு கரையில் ஒதுக்கலாம், அங்கிருப்போர் கண்டெடுத்து மண்ணில் அடக்கலாம். முன்பின் அறியாத ஒரு கரையின் மனிதர்மேல் வைத்த நம்பிக்கை அது. தவிர, தொலைவில் இறந்தவருக்காக ஊரில் நின்றே தொழும் 'காயிப் ஜனாஸா'வையும் ஷாஃபி வழி அனுமதிக்கிறது. ஹனஃபி வழி அனுமதிப்பதில்லை. கடல்வணிகர் நிறைந்த கரைகளில் ஷாஃபி வழி வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணங்கள் பல இருக்கலாம். அக்கரைகளின் தேவைக்கு இவ்விரு விதிகளும் பொருந்தி நிற்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இந்துக்களிடமும் உடலில்லாச் சாவுக்கு வழி இருந்தது. உடல் கிடைக்காதபோது பலாச இலைகளோ காம்புகளோ 360 கொண்டும், தர்ப்பையைக் கொண்டும் மனித உருவம் அமைத்து அதற்கு எரியூட்டும் முறையைக் கருட புராணம் விவரிக்கிறது. தலைக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என எண்ணி வைத்து ஓர் ஆளைப் புல்லிலிருந்து உண்டாக்கி, பிறகு அவரை இழப்பது. ஆனால் இதைச் செய்வதற்கும் இறந்தார் என்ற செய்தி வந்தாக வேண்டுமே.

அந்தச் செய்திதான் எளியவர்களுக்கு வந்து சேரவில்லை. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் அதில் இருந்தனர். 1911 வரை அந்நாட்டுக்குச் சென்ற ஒன்றரை லட்சம் பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியே போனவர்கள். கப்பல் பட்டியல்களைப் புரட்டினால் ஜில்லா என்ற கட்டத்தில் செங்கல்பட்டு மீண்டும் மீண்டும் வருகிறது. சதுரங்கப்பட்டினத்தைச் சூழ்ந்த ஏரிப்பாசன ஊர்களின் நிலமற்றவர்கள் இவர்கள். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு என அனைத்தையும் எழுதிவைத்த பட்டியல், வழியில் இறந்தவருக்கு எதிரே அதையும் குறித்தது. கப்பல் மருத்துவரின் கணக்குக்கு அது தேவை.

ஹாரியட்டின் குழந்தையைப் பற்றி நாம் அறிவது, அவளுக்கு எழுதத் தெரிந்திருந்ததாலும், கடிதத்தைக் காத்து அச்சிட ஒரு சபை இருந்ததாலும்தான். கூலிக்கப்பலின் கீழ்த்தளத்தில் குழந்தையை இழந்த செங்கல்பட்டுத் தாய்க்கு இரண்டும் இல்லை. ஆனால் அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். வடநாட்டுக் கூலிகள் ஒரே கப்பலில் வந்தவரை 'ஜஹாஜி பாய்' என்றனர். இறங்கிய நாட்டில் அந்த உறவு இரத்த உறவுக்கு நிகராகக் கொள்ளப்பட்டது. ஒன்றாகப் பசித்ததாலும் அச்சப்பட்டதாலும் மட்டுமன்றி, இறந்தவர்களை ஒன்றாகக் கடலில் இட்டதாலும் பிறந்த உறவு அது என்று நாம் கருதுகிறோம்.

கோட்டைக்கு வெளியே, சதுரங்கப்பட்டினம் குப்பத்துக்கு இதெல்லாம் பழங்கதையன்று. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் எப்போது இறந்தவராகக் கொள்வது என்பதற்கு 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஏழாண்டு என்று எல்லை வைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதே ஏழாண்டையே வைத்திருக்கிறது. ஏழாண்டுக் காலம் ஒரு பெண் விதவையுமல்ல, சுமங்கலியுமல்ல. இறப்புச் சான்றிதழ் இல்லை, அது இல்லாமல் காப்பீடும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்குப்பத்தையும் கல்பாக்கத்தையும் தாக்கிய பின்னர், காணாமற்போனவர்களுக்காக இவ்விதி தளர்த்தப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மீனவர்களை ஆழ்கடலில் வாரிச் சென்றபோது மீண்டும் ஒருமுறை தளர்த்தினார்கள். பேரிடர் என்று பெயர் பெறாத சாதாரண நாளொன்றில், ஒற்றைப் படகில் போய்த் திரும்பாதவரின் வீட்டுக்கு, ஏழாண்டு அப்படியே இருக்கிறது.