சட்டர் என்னும் சொல்லும் நம் சாலையும்

‘சாலைக்குப் போய் வருகிறேன்’ என்று நம் இல்லங்களில் நாள்தோறும் சொல்கிறோம். அப்போது நம் மனத்தில் எழுவது கிழக்குக்கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் கடைத்தெருவே. அத்தெரு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசரால் அமைக்கப்பெற்றது. ஆயினும், சாலை என்னும் பெயர் அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்தது. அப்பெயர் பண்டு குறித்தது வழியை அன்று. மாணவர் உண்டு உறைந்து கற்ற இடத்தையே ஆகும். வலியசாலை மகாதேவர் கோயிலைச் சார்ந்திருந்ததென அறிஞர் கருதும் காந்தளூர்ச் சாலை அத்தகைய இடமாகும்.

சமயப் பணி ஏற்கப் பயில்வோருக்கு ஒவ்வொரு சமயத்தாரும் ஒரு பெயர் வைத்துள்ளனர். தமிழ்க் கத்தோலிக்கர் ‘குருமாணவர்’ என்பர். பண்டைச் சாலைகளில் பயின்றோர்க்குப் பெயர் ‘சட்டர்’. மாணவன் எனப் பொருள்படும் ‘சாத்ர’ என்னும் வடசொல்லே தமிழ் நாவில் சட்டர் என்றும், சாத்திரர் என்றும் உருமாறிற்று.

இச்சொல்லின் பொருளை நமக்குத் தெளிவாகக் காட்டுவது ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் அளித்த பார்த்திவசேகரபுரச் செப்பேடு. முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, அதில் திருமால் கோயிலும் 95 சட்டர்க்குரிய சாலையும் அமைத்தான் அம்மன்னன். மூன்று வேதக் கிளையினர்க்கு முறையே 45, 36, 14 என இடங்கள் வகுக்கப்பட்டன. இலக்கணப் புலமையும் புரோகிதத் திறனும் மூன்று அரசுகளின் நடைமுறைக்கு வேண்டிய அறிவும் உடையவரே சட்டராகத் தக்கவர். பிறரை இகழ்தல், சூதாடுதல், ஆயுதத்துடன் கூட்டத்திற்கு வருதல் முதலியன அவர்க்கு விலக்கப்பட்டன. எனவே, சட்டர் என்பது சோறுண்டு படிப்பவர்க்கு இட்ட வெறும் பெயரன்று. தகுதி காட்டி இடம்பெற்று, ஒழுக்கத்தால் அதனைக் காத்துக்கொள்பவரைக் குறித்த பெயராகும்.

இவ்விதிகளுக்கு முன்மாதிரியாகச் செப்பேடு சுட்டுவது எதனை? காந்தளூர் மரியாதையையே! நம் காலடியில் இருந்த சாலையின் ஒழுங்கையே அண்டை ஊர் பின்பற்றியது. சோழநாட்டிலும் இச்சொல் வழங்கிற்று. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 270 இளமாணவரை ஒருபுறமும், உயர்கல்வி கற்ற 70 சாத்திரரை மறுபுறமும் நிறுத்துகிறது.

இராசராசன் காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்த’ செய்தியை அவன் மெய்க்கீர்த்தி கூறும். கலம் மரக்கலமா, உண்கலமா என்பது அறிஞரிடையே நெடிய வழக்கு. இந்நகரில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலையைப் பற்றித் தனி ஆராய்ச்சி நூலே எழுதினார்.

மறைக்கலாகாத உண்மை ஒன்றும் உண்டு. அந்த 95 இடங்களும் வேதம் ஓதுவார்க்கே உரியவை. ஏனையோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. பழம்பெருமை பேசும் நாம் இதனையும் சேர்த்தே நம் மக்களுக்குச் சொல்லுதல் வேண்டும்.

சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு. திண்ணைப் பள்ளியில் மாணவர் தலைவனைத் தமிழர் சட்டாம்பிள்ளை என்றனர். மலையாளத்தில் சட்டம்பி என்றனர். சட்டர் என்னும் சொல்லே இவற்றின் வேர் என்பாரும் உளர். இந்நகரின் கண்ணம்மூலையில் 1853-இல் பிறந்த சட்டம்பி சுவாமிகளுக்குப் பள்ளித் தலைமையால் வந்ததே அப்பெயர். இன்றோ வீதியில் சட்டம்பி என்றால் முரடன் என்று பொருள்!

1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது பார்த்திவசேகரபுரம் தமிழகத்திற்கும் காந்தளூர் கேரளத்திற்கும் உரியவாயின. எல்லைக்கு இப்பால் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் பயில்கின்றனர், அதுவும் நன்றே. ஆயினும், அச்செப்பேட்டு விதிகள் எழுதப்பெற்ற மொழி தமிழ். அதனைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிக்க அவர்களால் இயலாது போகுமானால், அக்குறை நம்முடையதே. இனிச் சாலைக்குப் போகும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வோம். கடைப்பலகைகளுக்கு நடுவே சட்டரின் கதையையும் சொல்லி வருவோம்.