சத்திரத்துப் பதிவேடு

கோட்டை, குடைவரை, பழங்கோயில் என்று வரலாறு பார்க்கக் கிளம்புகிறவன் முதலில் சந்திப்பது சிற்பத்தை அல்ல, லாட்ஜ் பதிவேட்டை. பெயர், தகப்பன் பெயர், ஊர். 'மெட்ராஸ்ல எங்க?' புளியந்தோப்புக்காரர்கள் பலர் இதற்குப் 'பெரம்பூர் பக்கம்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பொய்யில்லை, பக்கம்தான். ஒருமுறை மாமல்லபுரத்தில் நான் உள்ளதைச் சொன்னேன். 'ரூம் காலி இல்லப்பா.' பலகையில் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டில் படுத்தெழுந்து கோயில் பார்த்தோம்.

இந்தப் பதிவேட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1917இல் கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேரப் போனார். தீண்டத்தகாதவரென்று தெரிந்தால் இந்து விடுதியில் இடமில்லை. ஒரு பார்சி சத்திரத்துக்குப் போனார். பார்சிகளுக்கு மட்டும் என்றார் காவல்காரர். நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் பேசி, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயர் எழுதப்பட்டது. தட்டுமுட்டுச் சாமான்கள் கிடந்த மாடியில் ஆளரவமின்றிப் பத்து நாள். பதினோராம் நாள் தடிகளோடு ஒரு கும்பல் வந்து, சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றது. நண்பர்கள் இருவரைக் கேட்டுப் பார்த்தார், ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவருமே கைவிரித்தார்கள். ரயில் நேரம் வரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய் திரும்பினார்.

1934இல் அவரும் தோழர்களுமாகச் சுமார் முப்பது பேர் எல்லோராக் குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். நம் பாஷையில் சொன்னால் ஒரு டூர். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலருகே குளம். பயணப் புழுதி போக முகம் கழுவினார்கள். ரம்ஜான் மாதம். குளம் தீட்டாகிவிட்டதென்று ஒரு கிழவர் கூச்சலிட, கூட்டம் கூடிவிட்டது. ஒருவழியாகக் கோட்டைக்குள் விட்டார்கள், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாதென்ற நிபந்தனையோடு, கூடவே ஆயுதம் தாங்கிய ஒரு சிப்பாயோடு. கோட்டையைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் கையேடு இந்தக் குளத்தைக் காட்டும்? தீட்டு இந்துக்களிடம் மட்டும் இருக்கிறது என்போரும், சிறுபான்மையினரின் பெயரைக் கேட்டாலே வாய் பொத்திக்கொள்ளும் நம் முற்போக்காளரும் இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அவரே எழுதி வைத்தவைதான், 1990இல் சிறுநூலாகவும் வந்தது.

புளியந்தோப்புக்காரன் இதை வேறு மாதிரி வாசிப்பான். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போன ஆதிதிராவிடருக்கும் சாதி இந்துத் தொழிலாளருக்கும் மோதல் மூண்டது. இங்கே குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்கள் அரசு முகாமில் தங்கினார்கள். அதையே சலுகை என்று குற்றம் சாட்டினார்கள் நீதிக்கட்சித் தலைவர்கள். தொழிற்சங்க வரலாறுகளில் இது பெரும்பாலும் 'துரதிருஷ்டவசமான சம்பவம்'.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவைப் புரட்டிப் பாருங்கள். முதலில் ஹோட்டல் வருகிறது, அடுத்த வரியில் குளம். பரோடாவும் தௌலதாபாத்தும் அடுத்தடுத்து. 1955ஆம் வருஷத் தீண்டாமைச் சட்டம் தருமசாலை, சராய், முசாபர்கானா என்று பெயர் பெயராகவே சொல்கிறது. ஊர்ப்பெயர் கேட்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.