உரோமரின் மரவாள்

பனை மட்டையின் கருக்கைச் சீவி வாளாக்கி, வேலியோரங்களில் ஒருவரையொருவர் துரத்தி விளையாடாத சிறுவர் எம் ஊர்களில் அரியர். வளர்ந்தோர் அதனைக் கண்டு நகைப்பர். ஆயினும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளையெல்லாம் அடிப்படுத்திய உரோமப் படையும் தன் வாள்வித்தையை மரத்தாலான வாளைக் கொண்டே பயின்றது.

கி. மு. 209ஆம் ஆண்டில் சிப்பியோ என்னும் இளந்தளபதி ஸ்பெயின் நாட்டிலுள்ள புதிய கார்த்தேஜ் நகரைக் கைப்பற்றினான். வெற்றி பெற்ற படை சோம்பிக் கிடத்தல் இயல்பு. அவனோ வீரரை வாளாவிருக்க விடவில்லை. ஒரு நாள் முழுக் கவசத்துடன் மூன்று மைலுக்கு மேல் ஓட்டம். ஒரு நாள் படைக்கலங்களைத் துலக்கல். ஒரு நாள் ஓய்வு. ஒரு நாள் மரவாட் போர். அவ்வாள்களுக்குத் தோல் போர்த்து, நுனியிலே குமிழ் பொருத்தியிருந்தனர் என்கிறார் பொலிபியஸ். எதிரே நிற்பவன் தன் கூடாரத் தோழனன்றோ!

பயிற்சி முறையை விரிவாகக் கூறுபவர் வெகேத்தியுஸ். இவர் கி. பி. 400ஐ அடுத்த காலத்தவர். முன்னோர் பெருமையையே பேசி வருந்துபவர். கோவேறு கழுதைகளின் நோய்க்கும் மருத்துவ நூல் எழுதியவர்! இவர் கூற்றுப்படி, புதுவீரன் ஒவ்வொருவனும் நிலத்துக்கு மேல் ஆறடி உயரம் நிற்குமாறு ஒரு கம்பத்தை நாட்டுவான். கூடை முடைவது போல வளார்களால் முடைந்த கேடயம் அவனுக்கு அளிக்கப்படும். அதன் நிறை மெய்க்கேடயத்தின் இருமடங்கு. வாளுக்குப் பதிலாக இருமடங்கு நிறையுள்ள மரத்தடி. காலையும் பிற்பகலும் அக்கம்பமே அவன் பகைவன். முகத்தைத் தாக்குவான், விலாவைத் தாக்குவான், காலைத் தாக்குவான். ஆனால் தன் உடலைத் திறந்து காட்டலாகாது. வெட்டுவதினும் குத்துவதே சிறந்ததெனக் கற்பித்தனர். வெட்டு எலும்பிலும் கவசத்திலும் தடைப்படும். இரண்டு அங்குலம் இறங்கிய குத்தோ உயிரைக் குடிக்கும். ஆசிரியருக்கு இரட்டைப் படி கிடைத்தது. தேறாத மாணவனுக்குக் கோதுமை இல்லை, வாற்கோதுமையே! இக்காலத்துப் பரீட்சைகளில் இவ்வழக்கம் இல்லாதது எம் போன்றோர் நற்பேறு.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. இரும்பு கருவாலி மரத்தைக் காட்டிலும் ஏறக்குறையப் பத்து மடங்கு அடர்த்தியுடையது. வாளின் அதே வடிவில் செதுக்கிய மரம் இருமடங்கு நிறை பெறுவது எங்ஙனம்? வெகேத்தியுஸ் ஆண்ட இலத்தீன் சொல்லோ குண்டாந்தடியைக் குறிப்பது. ஆகவே கம்பத்தோடு பொருத கருவி தோளுக்கு வலுவூட்டும் பருந்தடியே என்றும், சிப்பியோவின் வீரர் ஒருவரோடொருவர் பொருத தோல் போர்த்த வாள் வேறு என்றும் யாம் கருதுகிறோம். முன்னது கையை வளர்த்தது. பின்னது கண்ணை வளர்த்தது. இரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர்.

களரியிற் பொருத அடிமை வீரரும் மரவாளையே பயின்றனர். விடுதலை பெறுவோனுக்கு அதையே அடையாளமாக வழங்கினர். கி. பி. 80இல் கொலோசியத்தின் தொடக்க விழாவில், வெற்றி தோல்வியின்றிப் பொருத பிரிஸ்கஸ், வேருஸ் என்னும் இருவருக்கும் தீத்துஸ் பேரரசன் மரவாள் ஈந்ததை மார்ஷல் என்னும் புலவர் பாடியுள்ளார்.

இங்கிலாந்தின் வடபாலுள்ள விந்தொலாந்தாக் கோட்டையில், 2017இல், குதிரைப்படையினர் குடியிருந்த அறைகளை அகழ்ந்தோர் இரும்பு வாள்களோடு சிறுவர் விளையாடும் மரவாள்களையும் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்றின் பிடியிலே பளபளக்கும் கல்லொன்று பதிக்கப்பட்டிருந்தது.